மூச்சு விடும் குஷன்கள்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் படிக்கட்டில் கால் வைக்க இடமில்லை. இரண்டாவது மாடியில் குடியிருப்போர் சங்கச் செயலாளர் வீட்டு வாசலில் தொடங்கிய வரிசை, கைப்பிடியை ஒட்டியே இறங்கி, தரைத்தளத்தில் வண்டிகள் நிறுத்தும் இடம்வரை போயிற்று. பிரமுகர் யாராவது வந்திருக்கிறாரா என்றால் இல்லை. இலவசமாக ஏதாவது கொடுக்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. செயலாளர் வீட்டுக் கூடத்தில் ஒன்றுமே இல்லையாம். அந்த ஒன்றுமில்லாததைப் பார்க்கத்தான் இத்தனை பேர்.

நானும் என் மனைவியும் நாற்பது நிமிடம் நின்று உள்ளே போனோம். உண்மையிலேயே ஒன்றுமில்லை. மணல் நிறத்தில் நான்கு சுவர்கள். ஒரு சணல் விரிப்பு. பட்டை உரித்த மரக்கட்டை ஒன்று, அதன்மேல் ஒரு கல் கிண்ணம், கிண்ணத்துக்குள் காற்று. பிரம்புத் தட்டி வழியாக வெயில் கோடு கோடாக விழுந்துகொண்டிருந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. போன மாதம்வரை அந்தக் கூடத்தில் சோபாவுக்கும் அலமாரிக்கும் நடுவே உடம்பை ஒருக்களித்துத்தான் நடக்க வேண்டும்.

"இப்ப மூச்சு விட முடியுதுல்ல?" என்றார் செயலாளர்.

அவர் பல் மருத்துவர். எக்ஸ்ரே எடுக்காமல் யாருடைய கடைவாய்ப் பல்லையும் தொடமாட்டார். அப்படிப்பட்டவர் கேட்கிறாரே என்று, "நல்லா முடியுது டாக்டர்" என்றேன். முன்பும் முடிந்துகொண்டுதான் இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

இந்த அற்புதத்தைச் செய்தவர் மூலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். தன்னை இல்ல உயிர்ப்பாளர் என்று சொல்லிக்கொள்வார். வெளுத்த சட்டை, வெறுங்கால், மிக மெல்லிய குரல். அவர் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே பாதிதான் கேட்கும். கேட்காத பாதியை அவரவர் விருப்பப்படி நிரப்பிக்கொள்ளலாம். அதனாலேயே அவர் சொன்னது எல்லோருக்கும் பொருந்தியது.

அவர் கொள்கை எளிமையானது. மரம், கல், பருத்தி, சணல், பிரம்பு இவையெல்லாம் மூச்சு விடும். பிளாஸ்டிக்கும் ரசாயனமும் மூச்சு விடாத பிணங்கள். பிணங்களோடு குடித்தனம் நடத்தினால் குடும்பத்தில் சண்டை, குழந்தைக்குப் படிப்பில் மந்தம், தலைவலி. எது உயிர், எது பிணம் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்கு அவரிடம் ஒரு மரக்குண்டு இருந்தது. சணல் கயிற்றில் கட்டிய, எலுமிச்சை அளவுக் குண்டு. பொருளுக்கு மேலே பிடிப்பார். வட்டமாகச் சுற்றினால் உயிர். முன்னும் பின்னும் ஆடினால் பிணம். பிணத்தைக் கொண்டுபோக வாசலில் அவருடைய வண்டி நிற்கும். இயற்கையோடு கரைத்துவிடுவதாகச் சொல்வார். அந்த இடத்தை நிரப்ப உயிருள்ள பொருளும் அதே வண்டியில் வரும். அதற்கு மட்டும் பணம்.

என் மனைவி ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். நாள் முழுவதும் வெள்ளை வெளிச்சம், இயந்திர இரைச்சல். வீட்டுக்கு வந்ததும் கண்ணுக்கு இதமாக ஓர் இடம் வேண்டுமென்று பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நியாயமான ஆசை. நான்தான் இந்த வருடம் அடுத்த வருடம் என்று தள்ளிப் போட்டேன். எனவே உயிர்ப்பாளர் எங்கள் மூன்றாவது மாடிக்கு வந்தபோது வாயைத் திறக்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

குண்டு வேலையைத் தொடங்கியது. சாப்பாட்டு மேசை, பிணம். அதில்தான் எங்கள் மகள் பாடம் எழுதுவாள். சன்னல் திரை, பிணம். என் மாமனாரின் கைவைத்த பிளாஸ்டிக் நாற்காலி, பிணத்திலும் முற்றிய பிணம். குக்கரும் தப்பவில்லை. காலை மாலை தவறாமல் புஸ் புஸ்ஸென்று எங்கள் வீட்டில் மூச்சு விட்டுக்கொண்டிருந்த ஒரே பாத்திரம் அதுதான். அதற்குத்தான் மூச்சில்லை என்று தீர்ப்பு.

பத்து வயது மகள் எல்லாவற்றையும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அங்கிள், இந்தக் குண்டைக் கையில பிடிக்காம ஆணியில மாட்டினாலும் ஆடுமா?" என்று கேட்டாள்.

"பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாதே" என்று நான் அதட்டினேன். அந்த வீட்டில் அன்று பேசப்பட்ட ஒரே உருப்படியான வார்த்தையை அடக்கிய பெருமை எனக்குத்தான்.

மேசை போயிற்று. தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். குக்கர் போயிற்று. சமையல் முடிய இரட்டிப்பு நேரம் ஆயிற்று. மாமனாருக்குக் கிடைத்தது இலவம்பஞ்சு அடைத்த, தரையோடு தரையாக ஒரு மெத்தை. அவருக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்தவை. உட்காருவது சுலபம், விழுந்தால் போதும். எழுப்பத்தான் ஆளுக்கொரு பக்கமாக நானும் மனைவியும் வேண்டும். இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள் காலையில் லிஃப்டில் இறங்கி, தரைத்தளத்தில் தையலக்காவின் அறையில் போய் உட்கார்ந்துவிட்டார். கட்டடத்திலேயே கைவைத்த நாற்காலி மிச்சமிருந்த இடம் அது ஒன்றுதான்.

தையலக்காவைச் சொல்ல வேண்டும். படிக்கட்டுக்குப் பக்கத்தில், சங்கத்துக்குச் சொந்தமான சின்ன அறை. பதினைந்து வருடமாக அங்கே இயந்திரம் போட்டிருக்கிறார். கட்டடத்தில் கிழிந்தது, பிரிந்தது, இறுகிப்போனது எல்லாம் அங்கேதான் போகும். கணவர் இல்லை. இரண்டு பெண்கள் கல்லூரியில் படிக்கிறார்கள். அந்த அறையை வைத்துத்தான் படிக்கிறார்கள்.

உயிர்ப்பாளர் கொண்டுவந்த திரைத் துணியை ஓரம் தைக்க அவரிடம்தான் கொடுத்தோம். அசல் லினன் என்று சொல்லி விற்ற துணி. தையலக்கா துணியை விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தார். ஓரத்திலிருந்து நாலு நூல் உருவினார். தீக்குச்சியைக் கிழித்து நூல் நுனியில் காட்டினார்.

"பாருங்கம்மா" என்று என் மனைவியிடம் நீட்டினார். "லினனோ பருத்தியோ, எரிஞ்சா காகிதம் எரிஞ்ச வாசனை வரும், சாம்பல் பொடியா உதிரும். இது உருகி, மணி மாதிரி கெட்டியாயிடுச்சு. நசுக்கிப் பாருங்க, நசுங்காது. பாலியஸ்டர். துணி நல்லாதான் இருக்கு. ஆனா லினன் இல்ல."

என் மனைவி அந்தக் கறுத்த மணியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நேராக உயிர்ப்பாளரிடம் போனாள். அவர் கலங்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

"நெருப்பு வச்சா எந்த உயிரும்மா பிழைக்கும்?" என்றார் மெதுவாக.

பரிசோதனைக் கூடத்தில் ஒரு நாளைக்கு இருநூறு குப்பி ரத்தத்தைச் சோதிக்கிறவள் திரும்பி வந்து அதை என்னிடம் அப்படியே ஒப்பித்தாள். "அவர் சொல்றதும் சரிதானேங்க?" என்றாள். நானும் தலையாட்டினேன். மாடு தலையாட்டினாலாவது ஈ ஓடும்.

இரண்டு நாள் கழித்து உயிர்ப்பாளரின் குண்டு படிக்கட்டில் வைத்துத் திடீரென்று தாறுமாறாக ஆடியது. கட்டடத்தின் மூச்சை ஏதோ கிழிக்கிறதாம். தேடிக்கொண்டே இறங்கினார். குண்டு எங்கே போய் நின்றது என்று சொல்லவும் வேண்டுமா? தையலக்கா அறை வாசலில். நாள் முழுவதும் ஊசி குத்துகிற சத்தம் சுவர் வழியாக ஏறி எல்லா வீட்டு மூச்சையும் ஓட்டை போடுகிறதாம். அதனால்தான் சில வீடுகளில் இன்னும் பலன் தெரியவில்லையாம்.

பலன் தெரியாத வீடுகள் நிறைய இருந்தன. எல்லோருக்கும் ஒரு காரணம் தேவைப்பட்டது. மறுநாளே அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டிவிட்டார்கள். வருகிற ஞாயிறு, புதிதாக உயிர்ப்பிக்கப்பட்ட மூன்றாம் மாடி வீட்டின், அதாவது எங்கள் வீட்டின், திறப்பு. அதைத் தொடர்ந்து அங்கேயே சங்கக் கூட்டம். பொருள்: தையல் அறையைக் காலி செய்யச் சொல்வது. கீழே கையெழுத்துகள். ஐந்தாவது கையெழுத்து என்னுடையது. மாமனார் அதைப் பார்த்துவிட்டு என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. வெட்கமாக இருந்தது. அழிக்கும் அளவுக்கு வெட்கம் வரவில்லை.

ஞாயிறு வந்தது. பக்கத்துக் கட்டடங்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்திருந்தார்கள். கூடம் நிறைந்து சமையலறை வரை தலைகள். உட்கார எதுவும் இல்லாததால் எல்லோரும் நின்றுகொண்டே எளிமையை ரசித்தார்கள். ஒரு அம்மாள் வெறும் சுவரைக் கைபேசியில் படம் எடுத்தார். இன்னொருவர் அதே சுவரை வேறு கோணத்தில் எடுத்தார்.

உயிர்ப்பாளர் எழுந்து, "கூட்டத்தைத் தொடங்கலாமா?" என்று கேட்கும்போது தையலக்கா உள்ளே வந்தார். பின்னால் என் மாமனார். இரண்டு பேர் கையிலும் பெரிய துணிப்பை. சணல் விரிப்பில் ஆறு குஷன்களை வரிசையாக வைத்தார்கள். ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே உறை.

"கூட்டத்துக்கு முன்னாடி ஒரு வார்த்தை சார்" என்றார் தையலக்கா. "என் மெஷின் மூச்சைக் கிழிக்குதுன்னு சொல்றீங்க. எனக்கு அந்த விவரமெல்லாம் தெரியாது. நீங்க தெரிஞ்சவர். இந்த ஆறுல எதுக்கு உயிர் இருக்கு, எதுக்கு இல்லன்னு பிரிச்சுச் சொல்லுங்க. சரியாச் சொல்லிட்டீங்கன்னா ஓட்டெடுப்பே வேண்டாம். இன்னிக்கே மெஷினைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிடறேன்."

"இதெல்லாம் இப்ப எதுக்கும்மா?" என்றார் செயலாளர்.

"பார்க்கட்டுமே டாக்டர்" என்று கூட்டத்தில் நாலைந்து குரல்கள். வந்தவர்கள் சுவரைப் பார்த்து அலுத்திருந்தார்கள்.

உயிர்ப்பாளர் புன்னகை செய்தார். வாடிக்கையாளர்களாகப் போகிற முப்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது மறுக்கவா முடியும்? தவிர, வேண்டாத ஆள் தானாகவே கிளம்புகிறேன் என்கிறார். அவர் எதையும் கையால் தொடுவதில்லை, தொட்டால் தன் மூச்சு கலந்துவிடுமாம். குண்டை மட்டும் தொங்கவிட்டார்.

முதல் குஷன். குண்டு வட்டமிட்டது. "உயிர்." இரண்டாவது. "இதுவும் உயிர். கொஞ்சம் சோகமா இருக்கு." மூன்றாவதில் குண்டு முன்னும் பின்னும் ஆடியது. உயிர்ப்பாளர் முகத்தைச் சுளித்தார். "இதுக்குள்ள பிளாஸ்டிக் அழுவுது" என்றார். கூட்டம் ஓரடி பின்வாங்கியது. நாலாவதும் பிணம். ஐந்தாவது, "ரசாயனப் பஞ்சு. இதுல தலை வச்சுப் படுத்தா கெட்ட கனவுதான் வரும்." ஆறாவதில் குண்டு பெரிய வட்டமாகச் சுழன்றது. அவர் கண்ணில் நீரே வந்துவிட்டது. "இது குஷன் இல்ல. ஒரு காடு. ஒரு காடே இதுக்குள்ள மூச்சு விடுது."

என் பக்கத்தில் நின்றவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"அப்ப முடிவா இவ்வளவுதானே? மாத்த மாட்டீங்களே?" என்று கேட்டார் தையலக்கா.

"உயிர் மாறாதும்மா."

தையலக்கா இடுப்பிலிருந்து சுண்ணக்கட்டியை எடுத்து, பிணமென்று சொன்ன மூன்றிலும் ஒவ்வொரு பெருக்கல் குறி போட்டார். பிறகு கத்தரிக்கோலை எடுத்தார். பிளாஸ்டிக் அழுத குஷனின் தையலைப் பிரித்தார். உள்ளே வெள்ளை வெளேரென்று இலவம்பஞ்சு, நடுவில் ஒன்றிரண்டு கறுப்பு விதைகள். கெட்ட கனவுக் குஷனைப் பிரித்தார். இலவம்பஞ்சு. மூன்றாவது பிணம். இலவம்பஞ்சு. அதன்பின் உயிருள்ளவை மூன்று. சோகமான குஷனிலும் காட்டிலும் அதே பஞ்சு, அதே விதை. பையின் அடியிலிருந்து காலி மூட்டை ஒன்றை உதறி விரித்தார். மேலே உயிர்ப்பாளரின் முத்திரை.

"இது நீங்க இந்த வீட்டுக்கு வித்த பஞ்சு சார். ஐயாவுக்கு மெத்தை தச்சதுல மிஞ்சினது. ஒரே மூட்டை, ஆறு உறை."

"நான்தான் சாட்சி" என்றார் மாமனார். "அடைச்சதே நான்தான்." அவர் மீசையில் இன்னும் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது.

உயிர்ப்பாளர் கண்ணை மூடித் திறந்தார்.

"பஞ்சு ஒண்ணுதான். இல்லன்னு நான் சொல்லவே இல்லையே. ஆனா தைக்கிற கைக்கு மனசு உண்டு. மூணைச் சாந்தமாத் தச்சிருக்காங்க, மூணைக் கோபமாத் தச்சிருக்காங்க. குண்டு அதைத்தான் காட்டுது."

நம்புவீர்களோ மாட்டீர்களோ, கூட்டத்தில் நாலு பேர் "அதானே" என்றார்கள். மனிதனுக்கு ஏமாறுவதில்கூட ஒரு விசுவாசம் இருக்கிறது.

தையலக்கா கோபப்படவில்லை. "அப்படியே இருக்கட்டும் சார். சுண்ணக்கட்டிக் குறியைத் தட்டிவிட்டு, உங்களை அந்தப் பக்கம் திரும்பச் சொல்லிட்டு, ஆறையும் கலைச்சு வைக்கிறேன். கோபமாத் தச்ச அதே மூணை மறுபடியும் காட்டுங்க. என் கோபம் இன்னும் ஆறலை, அதனால கண்டுபிடிக்கிறது சுலபம்."

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பின்வரிசை வரை போயிற்று.

உயிர்ப்பாளர் குண்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "குண்டு களைச்சிருக்கு. இன்னிக்கு இனிமே பேசாது."

அதுவரை சுவரோரம் நின்ற என் மனைவி முன்னால் வந்தாள். "அது மரக்கட்டைதானே? அதுக்கு எப்படிக் களைப்பு வரும்?" என்றாள். அவர் சட்டைப் பையைத் தடவிக்கொண்டார். "சரி, அது போகட்டும். என் சாப்பாட்டு மேசை எங்கே?"

"அது... இயற்கையோட கரைஞ்சிடுச்சும்மா."

"ஒட்டுப்பலகை மேசை ரெண்டு வாரத்துல எதுல கரையும்? எந்தத் திரவத்துல போட்டீங்க, சொல்லுங்க. நாளைக்கு லேபுல போட்டுப் பார்க்கிறேன்."

அவள் குரலை அப்படி நான் கேட்டு நாளாகியிருந்தது. பெருமையாக இருந்தது. உயிர்ப்பாளர் வாசலைப் பார்த்தார். செருப்புப் போடாதவர் என்பதால் கிளம்ப நேரமாகவில்லை.

பிறகு செயலாளர், "அவர் தப்பாச் சொல்வார்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று தையலக்காவைக் கேட்டார். பாவம், அவர் கூடத்தில்தான் காற்று நிரம்பிய கிண்ணம் இருக்கிறது.

"அஞ்சு வீட்டுக்கு அவர் துணியைத் தச்சுக் கொடுத்தேன் டாக்டர். ஒவ்வொரு வீட்டுலயும் பார்த்தேன். பத்துப் பொருள் இருந்தா அஞ்சு செத்திருக்கும். எட்டு இருந்தா நாலு. எல்லாம் செத்ததுன்னு சொன்னா வீட்டுக்காரங்களுக்குக் கோபம் வரும். எல்லாத்துக்கும் உயிர் இருக்குன்னா வண்டியில இருக்கிறது விக்காது. அதனால எதை வச்சாலும் பாதியைக் கொன்னுடுவார்னு தெரியும். ஆறும் ஒண்ணா இருந்தா என்ன செய்வார்னு பார்க்கணும்னு தோணுச்சு."

அன்று சாயங்காலமே செயலாளரும் நாங்கள் நாலு பேரும் உயிர்ப்பாளரின் கிடங்குக்குப் போனோம். பூட்டு இல்லை, ஆளும் இல்லை. எங்கள் மேசை இருந்தது. 'ஐம்பது வயது மரம், உயிருள்ளது' என்று ஒரு அட்டை அதில் தொங்கியது. மாமனாரின் நாற்காலி வாசலில் கிடந்தது. காவல்காரர் உட்காரப் போட்டது என்று பக்கத்துக் கடையில் சொன்னார்கள். குக்கர் மட்டும் கிடைக்கவில்லை. அதை அவரே வைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

அறிவிப்புத் தாளை நானே கிழித்தேன். தையலக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டீங்களா, படிக்காமயா?" என்றார். படித்துவிட்டுத்தான் என்றேன். அவர் ஊசியில் நூல் கோத்தார். அறை அவருடையதாகவே இருந்தது. என் மனம் லேசானது என்று சொல்ல மாட்டேன்.

மணல் நிறச் சுவரை நாங்கள் மாற்றவில்லை. பிரம்புத் தட்டியும் இருக்கிறது, வெயிலை மட்டுப்படுத்துகிறது. சணல் விரிப்பு காலுக்கு இதமாக இருக்கிறது. நடுவில் மேசை, ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி, அதில் மாமனார். என் மனைவி வேலையிலிருந்து வந்து அந்த மேசையில் தலை சாய்த்து ஐந்து நிமிடம் சும்மா இருப்பாள். அவள் கேட்டது இவ்வளவுதான். இதற்குக் குண்டு தேவைப்படவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கூட்டம் நடந்த மறுநாள் காலையில் மறுபடியும் வரிசை. இந்த முறை தையலக்காவின் அறை வாசலில். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பை. பையில் போர்வை, திரை, மெத்தை உறை, மரக்கரண்டி. ஒருவர் கதவையே கழற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"அக்கா, உங்க கைராசி நல்ல கைராசி. நீங்க தொட்டுச் சொன்னாப் போதும். இது நல்லதா, கெட்டதா?" என்றார் முன்னால் நின்றவர்.

தையலக்கா இயந்திரத்தை நிறுத்தினார். முதல் தடவையாக அவர் முகத்தில் உண்மையான கோபத்தைப் பார்த்தேன்.

"நேத்து எல்லாரும் எதைப் பார்த்தீங்க? என் கையில ஒண்ணுமில்ல. துணியை நீங்களே தொட்டுப் பாருங்க, வேர்த்தா உறிஞ்சுதான்னு பாருங்க, நூலை உருவிக் கொளுத்திப் பாருங்க. உங்களுக்கும் கை இருக்கு, மூக்கு இருக்கு, தலை இருக்கு. அதுக்கெல்லாம் வாடகையா கொடுக்கறீங்க, உபயோகிக்காம பூட்டி வைக்க?"

கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே இயந்திரம் மறுபடியும் ஓடத் தொடங்கியது.

வரிசை கலையவில்லை. அக்கா சொன்னதற்கு உள்ளர்த்தம் என்னவாக இருக்கும் என்று ஆளுக்கொரு விளக்கம் பேசிக்கொண்டு நின்றது. அந்த வரிசையில் முன்னால் நின்றவர் யார் என்று என்னைக் கேட்காதீர்கள். கேட்டுத்தான் தீருவேன் என்றால், முதலில் உங்கள் பையில் என்ன இருக்கிறது என்று காட்டுங்கள்.